முதல் பத்து நிமிடம் தெருவுக்குச் சொந்தம்

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 14 முதல் 20 வரை, மதுரை சித்திரைத் திருவிழாவை ஒட்டிய பருவத்தில், தேசமெங்கும் உள்ள தீயணைப்பு நிலையங்களில் தீத்தொண்டு வாரம் அனுசரிக்கப்படுகிறது. 1944ஆம் ஆண்டு ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா துறைமுகத்தில், வெடிமருந்தையும் பஞ்சுப் பொதிகளையும் சேர்த்துச் சுமந்து நின்ற ‘ஃபோர்ட் ஸ்டிகீன்’ என்னும் கப்பல் தீப்பற்றி வெடித்தபோது, அதை அணைக்கப் போராடிக்கொண்டிருந்த தீயணைப்பு வீரர்கள் 66 பேர் உயிர் துறந்தனர். அவர்களுடைய ஞாபகார்த்தமாகவே இந்த வாரம் ஏற்பட்டது. அந்த வாரத்தில் நிலையங்களில் மலர்வளையம் வைத்து அஞ்சலி செலுத்துவார்கள். சிவப்பு வண்டி பள்ளிக்கூடங்களுக்கும் கடைவீதிகளுக்கும் வந்து செயல்விளக்கம் காட்டும். துண்டுப் பிரசுரங்கள் கைக்குக் கை மாறும். பிறகு அழகர் ஆற்றில் இறங்குவார், வெயில் உச்சிக்குப் போகும், துண்டுப் பிரசுரம் பழைய செய்தித்தாள்களோடு எடைக்குப் போய்விடும்.

இந்தப் பதிவில் நான் சொல்ல விரும்புவது ஒரே ஒரு விஷயம். ஒரு வீட்டில் தீப்பிடித்த கணத்துக்கும், தீயணைப்பு வண்டி அந்த வாசலில் வந்து நிற்கும் கணத்துக்கும் நடுவே, பத்து நிமிடமோ பதினைந்து நிமிடமோ, ஓர் இடைவெளி இருந்தே தீரும். எவ்வளவு திறமையான நிலையமாக இருந்தாலும், எவ்வளவு விரைவான வண்டியாக இருந்தாலும், அந்த இடைவெளியை அடியோடு ஒழித்துவிட முடியாது. அந்த நிமிடங்களில் அங்கே இருப்பவர்கள் அடுத்த வீட்டு அக்காவும், முனைக்கடை அண்ணாச்சியும், அயர்ன் வண்டிக்காரரும், ஆட்டோ ஸ்டாண்டுத் தம்பிகளுமே ஆவர். உதவ வேண்டும் என்கிற மனம் அவர்களிடம் நிறைய இருக்கிறது. எப்படி உதவ வேண்டும் என்கிற பயிற்சிதான் இல்லை. அந்த மனத்துக்குப் பயிற்சியைக் கொடுத்து, முறை வகுத்து, தெருவுக்குத் தெரு தீத்தொண்டர் அணி ஒன்றை அமைத்துக்கொள்வது, நம் திருநகரைப் போன்ற ஊர்கள் செய்யத்தக்க தர்மங்களில் தலையாயது என்பது என் திடமான அபிப்பிராயம்.

எங்கள் ஊரைப் பற்றி வெளியூர் நண்பர்களுக்கு இரண்டு வார்த்தை. மதுரையிலிருந்து திருமங்கலம் போகும் சாலையில், பழங்காநத்தமும் பசுமலையும் திருப்பரங்குன்றமும் கடந்து வந்தால் திருநகர். இங்கே முகவரி கேட்டால் தெருப் பெயரைச் சொல்வதற்கு முன்னால் ‘எத்தனையாவது ஸ்டாப்?’ என்றுதான் கேட்பார்கள். பேருந்து நிறுத்தங்களின் எண்களே பேட்டைகளின் பெயர்களாகிவிட்டன. பஞ்சாலைத் தொழிலாளர்களுக்காக எழுந்த ஹார்விபட்டி ஒரு பக்கம், மண்பொம்மைகளுக்குப் பேர்போன விளாச்சேரி இன்னொரு பக்கம். 2011இல் மாநகராட்சியோடு இணைக்கப்படும் வரையில் தனிப் பேரூராட்சியாக இருந்த ஊர் என்பதால், நகரத்தின் வசதிகள் வந்த பிறகும் சிற்றூரின் சுபாவம் இன்னும் போய்விடவில்லை. யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பது மறுநாள் காலை நடைப்பயிற்சிக்காரர்களுக்குத் தெரிந்துவிடும். இந்தச் சுபாவத்தைத்தான் நான் பெரிய மூலதனமாகக் கருதுகிறேன்.

தீயை ஊரார் சேர்ந்து அணைப்பது நமக்குப் புதிய விஷயமே அல்ல. கூரை வீடுகள் நிறைந்திருந்த காலத்தில், கோடைக்காற்று அடிக்கும் ஒரு பிற்பகலில் எங்கேனும் ஒரு கூரை பற்றிக்கொண்டால், கூக்குரல் எழுந்த மாத்திரத்தில் ஊர் தானாகவே பிரிந்து தன் தன் வேலையில் இறங்கிவிடும். ஒரு கூட்டம் தொழுவத்துக்கு ஓடி மாடுகளை அவிழ்த்துவிடும். ஒரு கூட்டம் கிணற்றிலிருந்தும் ஊருணியிலிருந்தும் வரிசை பிடித்து நின்று குடம் குடமாகத் தண்ணீரைக் கைமாற்றும். நெஞ்சுரம் உள்ள சில இளைஞர்கள், எரியும் வீட்டை விட்டுவிட்டு, காற்று அடிக்கும் திசையில் இருக்கும் அடுத்த வீட்டுக் கூரையின் மேல் ஏறி, ஓலையைப் பிரித்துக் கீழே தள்ளுவார்கள். பார்ப்பவருக்கு இது விசித்திரமாகத் தோன்றும். எரியாத வீட்டை ஏன் பிரிக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றும். ஆனால், தீ தின்பதற்கு ஒன்றும் இல்லாத ஓர் இடைவெளியை உண்டாக்கி, ஒரு வீட்டோடு அதை நிறுத்திவிடுவதற்கு அதைவிடச் சிறந்த உபாயம் இல்லை. காட்டுத்தீயை மட்டுப்படுத்த வனத்துறையினர் தீத்தடுப்புக் கோடு வெட்டுவதும் இதே தத்துவத்தினால்தான்.

இந்த வட்டாரத்துக்கு இன்னொரு பாடசாலையும் இருந்தது, அது பஞ்சாலை. பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோ ரூமில் ஓர் இரும்புத் துணுக்கு உரசி எழும் பொறி போதும், குழாய் வழியே ஓடும் பஞ்செல்லாம் நெருப்பாகிவிடும். ஆகவே ஆலைகளில் தொழிலாளர்களிலிருந்தே சிலரைத் தெரிந்தெடுத்துத் தீயணைப்புப் பயிற்சி அளிப்பது வழக்கம்; சுவரோரம் சிவப்பு வாளிகளில் மணலும் தண்ணீரும் தயாராகத் தொங்கும். எங்கள் தெருவில் ஆலையிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். குப்பைமேட்டில் பிள்ளைகள் பழைய தலையணையைக் கொளுத்திவிட்டுத் தண்ணீர் ஊற்றிப் போய்விட்டால், அவர் மட்டும் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு போய்க் கிளறிப் பார்ப்பார். “பஞ்சுல பத்துன நெருப்ப அணைஞ்சிருச்சுன்னு நம்பக் கூடாதுப்பா. மேல கருகிக் கெடக்கும். உள்ள கனிஞ்சுக்கிட்டே இருக்கும். ராத்திரி காத்தடிச்சா முழிச்சுக்கும்” என்பார். முறையாகப் பெற்ற பயிற்சி ஒரு மனிதரிடம் எத்தனை ஆண்டுகள் தங்குகிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் எனக்கு வேண்டியதில்லை.

இந்தக் கூட்டுப் பழக்கம் எப்படித் தேய்ந்துபோயிற்று என்பதற்குக் காரணங்கள் வெளிப்படையானவை. கூரை போய்க் காரை வந்தது. கிணறு தூர்ந்து போர்வெல் வந்தது. ஆலைகள் பல மூடப்பட்டன. தொலைபேசியில் 101 என்று சுழற்றினால் வண்டி வரும் என்கிற வசதியும் நம்பிக்கையும் வந்தன. இவையெல்லாம் நல்ல மாறுதல்களே, வருத்தப்படுவதற்கு இல்லை. ஆனால் தீயும் தன் ஸ்வரூபத்தை மாற்றிக்கொண்டது என்பதை நாம் கவனிக்கத் தவறிவிட்டோம். ஓலையில் பற்றிய தீ பகிரங்கமாக எரிந்தது, ஊருக்கே தெரிந்தது. இன்றைய தீயோ மூடிய கதவுக்குள் பிறக்கிறது. பிளாஸ்டிக்கும் ஃபோம் மெத்தையும் செயற்கைத் துணியும் எரியும்போது எழும் விஷப்புகை, சுடர் உடம்பைத் தொடுவதற்கு முன்பே மூச்சை நிறுத்திவிடுகிறது.

கடந்த சில ஆண்டுகளில் நம் மதுரை கண்டவற்றையே எண்ணிப் பாருங்கள். 2018 பிப்ரவரி 2 அன்று இரவு, மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்தை ஒட்டிய வீரவசந்தராயர் மண்டபத்தில், கடைகளில் பற்றிய தீ நூற்றாண்டுகளைத் தாங்கி நின்ற கற்றூண்களையே வெடிக்க வைத்தது. 2020 நவம்பர் 14, தீபாவளித் திருநாளின் விடியற்காலையில், நவபத்கானா தெருவில் பழைய கட்டடம் ஒன்றில் இருந்த ஜவுளிக்கடைத் தீயை அணைக்கப் போன இரண்டு தீயணைப்பு வீரர்கள், கட்டடம் இடிந்து விழுந்து மாண்டார்கள். ஊர் எண்ணெய் தேய்த்துக் குளிக்கத் தொடங்கிய வேளையில் இரண்டு வீடுகளில் பண்டிகை துக்கமாயிற்று. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில், மதுரை ரயில் நிலையத்தின் அருகே நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டி ஒன்றில், விதியை மீறிக் கொண்டுவந்த காஸ் சிலிண்டரால் ஏற்பட்ட தீ, வடநாட்டு யாத்திரிகர்கள் ஒன்பது பேரின் உயிரைக் கவர்ந்தது. 2024 செப்டம்பர் 12 அதிகாலையில், கட்ராபாளையத்தில் பெண்கள் விடுதி ஒன்றில் குளிர்சாதனப் பெட்டி வெடித்துப் பரவிய தீயிலும் புகையிலும் சிக்கி இரண்டு பெண்கள் இறந்தார்கள். இவற்றில் பெரும்பாலானவை ஊர் உறங்கும் நேரத்தில் நிகழ்ந்தவை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த வேளையில் முதலில் விழித்துக்கொள்பவர் அண்டை அயலாரே.

சற்றுப் பின்னால் போனாலும் இதே பாடம்தான். 1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயிலின் யாகசாலைப் பந்தலில் நாற்பதுக்கு மேற்பட்டோர். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் கீற்றுப் பந்தலில் ஐம்பதுக்கு மேற்பட்டோர். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியில் குழந்தைகள் 94 பேர். கும்பகோணத்துக்குப் பின்னர் பள்ளிகளில் கீற்றுக் கூரை அகன்றது, விசாரணைகள் நடந்தன, விதிகள் இறுகின. ஆனால் வழி எங்கே இருக்கிறது, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, நெரிசல் வந்தால் குழந்தைகளை எப்படி வரிசையாகக் கூட்டிப்போவது என்று ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒத்திகை பார்க்கும் வழக்கம், விதியில் இருக்கும் அளவுக்கு நம் வாழ்க்கையில் வேரூன்றவில்லை.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். பயிற்சியில்லாத பரோபகாரம் உயிரை வாங்கும். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்கு அருகில் முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை தீப்பற்றியபோது, உதவி செய்யவும் பார்க்கவும் ஓடிவந்த அக்கம்பக்கத்துக் கிராமத்து ஜனங்கள் பலர் அடுத்து நிகழ்ந்த பெருவெடிப்பில் சிக்கிக்கொண்டார்கள். செப்டிக் டேங்கில் மயங்கி விழுந்தவரைத் தூக்க ஒருவர் இறங்கி, அவரைத் தூக்க இன்னொருவர் இறங்கி, ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பேர் மடிகிற செய்தியை நாம் எத்தனை முறை படித்துவிட்டோம்! அவர்களில் யாரும் கோழைகள் அல்லர். தம் உயிரைப் பொருட்படுத்தாதவர்கள். உள்ளே நிற்பது கண்ணுக்குத் தெரியாத நச்சு வாயு என்பதையும், ஒருவர் விழுந்த இடத்தில் காற்றுக்கருவி இல்லாமல் எவரும் இறங்கலாகாது என்பதையும் அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். தொண்டர் அணி கற்றுக்கொள்ள வேண்டிய பாடங்களில் முதலாவது, எப்போது உள்ளே போகக் கூடாது என்பது. கூட்டத்தைத் தள்ளி நிறுத்துவதும் மின்சாரத்தைத் துண்டிப்பதும், தண்ணீர் ஊற்றுவதற்குச் சமமான தொண்டுதான்.

இந்தப் பயிற்சி பெரும் வித்தை ஒன்றும் அல்ல என்பதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், குடியிருப்போர் நலச் சங்கத்தார் கேட்டுக்கொண்டதன் பேரில், தீயணைப்புத் துறையிலிருந்து வந்திருந்த முன்னணித் தீயணைப்பாளர் ஒருவர் எங்கள் பகுதி மைதானத்தில் செயல்விளக்கம் நடத்தினார். காஸ் சிலிண்டரின் வாயில் கொழுந்துவிட்டு எரியும் சுடரை ஓர் ஈரச் சாக்கினால் அணைத்துக் காட்டியபின், “யாராச்சும் வந்து செய்றீங்களா?” என்று கேட்டார். வாலிபர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டியம்மாள் புடவைத் தலைப்பை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு முன்னே வந்தார்.

“பாட்டிம்மா, பயமா இருந்தா வேணாம்” என்றார் தீயணைப்பாளர்.

“அடுப்போட அம்பது அறுவது வருசம் கெடந்தவ தம்பி நானு. எனக்கென்ன பயம்? எப்டிப் பிடிக்கணும், அத மட்டும் சொல்லு.”

அவர் சொல்லிக்கொடுத்தார். சாக்கு சொட்டச் சொட்ட நனைந்திருக்க வேண்டும். அதன் மேல்விளிம்பை விரல்கள் உள்ளே மறையும்படி சுருட்டிப் பிடிக்க வேண்டும். முகத்துக்கும் சுடருக்கும் நடுவே அதையே கேடயமாக வைத்துக்கொண்டு நெருங்கி, நம் பக்கத்திலிருந்து அந்தப் பக்கமாக, சுடர் நம்மை விட்டு விலகும் வண்ணம் படர விட்டு மூட வேண்டும். வீசி எறியக் கூடாது. பாட்டியம்மாள் அப்படியே செய்தார். ‘புஸ்’ என்று ஒரு சப்தம், நெருப்பைக் காணோம். கைதட்டல் அடங்குவதற்கு முன்பே தீயணைப்பாளர் குரலை உயர்த்தினார்: “இதோட முடிஞ்சுபோச்சுன்னு நெனைக்காதீங்கம்மா. தீ அணைஞ்சிருச்சு, ஆனா காஸ் வந்துகிட்டே இருக்கு. ஒடனே ரெகுலேட்டர மூடணும். இல்லாட்டி அந்தக் காஸ் ரூம் முழுக்க நெறஞ்சு இதவிடப் பெரிய ஆபத்தாயிரும்.” பாட்டியம்மாள் குனிந்து ரெகுலேட்டரைத் திருகி மூடிவிட்டு நிமிர்ந்தபோது, அவர் முகத்தில் இருந்த கம்பீரத்தை என்னால் மறக்க முடியாது. மறுவாரம் அதே பாட்டியம்மாள் தம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மருமகள்மாருக்கும் பக்கத்து வீட்டுப் பெண்களுக்கும் அந்த வித்தையை விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அறிவு பரவுவதற்கு அரசாணை எதுவும் தேவைப்படவில்லை.

அன்று கற்றவற்றில் வேறு சிலவற்றையும் இங்கே பதிந்து வைக்கிறேன். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தரையாகப் படிந்து கிடக்கும். ஆகவே நாற்றம் வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது; கதவு ஜன்னல்களைத் திறந்து, ரெகுலேட்டரைக் கழற்றிப் பாதுகாப்பு மூடியைப் பொருத்தி, வெளியே வந்து 1906 என்னும் அவசர எண்ணை அழைக்க வேண்டும். வாணலி எண்ணெயில் தீப்பிடித்தால் ஒரு துளித் தண்ணீரும் ஊற்றலாகாது. எண்ணெயின் அடியில் போன தண்ணீர் கணத்தில் ஆவியாகி, சுமார் 1,700 மடங்கு விரிந்து, எரியும் எண்ணெயைக் கூரை வரைக்கும் தூக்கி வீசும். அடுப்பை அணைத்து, தட்டினாலோ மூடியினாலோ மூடிவிட்டால் பிராணவாயு இல்லாமல் தானே அடங்கிவிடும். உடுத்திய துணியில் தீப்பற்றினால் ஓடக் கூடாது. தரையில் படுத்து உருள வேண்டும், அல்லது கனத்த பருத்தி ஜமுக்காளத்தால் சுற்ற வேண்டும். சுட்ட இடத்தில் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீர் விட வேண்டும். இங்க், பற்பசை, நெய், ஐஸ் எதுவும் ஆகாது. புகை சூழ்ந்த அறையில் நிமிர்ந்து நடக்காமல் தவழ்ந்து வர வேண்டும். சுவாசிக்கத்தக்க காற்று தரைமட்டத்தில்தான் மிஞ்சியிருக்கும்.

தன்னார்வத் தீயணைப்பு என்பது பிற தேசங்களில் வெறும் உபகாரமாக இல்லாமல் குடிமை வாழ்வின் ஓர் அங்கமாகவே வளர்ந்திருக்கிறது. தென்னமெரிக்காவில் சிலி தேசத்தில் தீயணைப்பாளர்கள் அனைவருமே சம்பளம் வாங்காத தொண்டர்கள். வால்பரைசோ துறைமுகத்தில் 1851இல் தொடங்கிய வழக்கம் இது. தலைநகரான சந்தியாகோவில் 1863 டிசம்பர் 8 அன்று ஒரு தேவாலயத்தில் திருவிழா வழிபாட்டின்போது பற்றிய தீயில் ஈராயிரத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பெண்கள், மாண்டுபோனார்கள். அந்தத் துக்கத்தின் நடுவே ஒருவர் பத்திரிகை மூலம் விடுத்த அழைப்பை ஏற்றுத் திரண்ட மக்கள், அதே மாதம் 20ஆம் தேதி, பன்னிரண்டே நாட்களில், நகரத்துக்கென ஒரு தொண்டர் படையை நிறுவிவிட்டார்கள். வழக்கறிஞரும் தச்சரும் மாணவரும் அதில் சேர்ந்து, ஊதியம் பெறாததோடு, மாதச் சந்தாவும் கொடுத்துத் தொண்டு செய்யும் பாக்கியத்தைப் பெறுகிறார்கள். ஜெர்மனியில் ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் இத்தகைய தொண்டர்கள். சிற்றூர்களின் திருவிழாக்களை முன்நின்று நடத்துபவர்களும் பெரும்பாலும் அவர்களே. அமெரிக்காவிலும் தீயணைப்பாளர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தன்னார்வலர்கள். 1736இல் பிலடெல்பியாவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தம் நண்பர்களோடு அமைத்த சங்கத்தில், ஒவ்வோர் அங்கத்தினரும் தோல் வாளிகளையும், தீப்பிடித்த வீட்டுச் சாமான்களை அள்ளிக் காப்பாற்றுவதற்கான பைகளையும் எப்போதும் தயாராக வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

அவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. பக்கத்து மலையாள நாட்டில், 2018 வெள்ளத்தில் மீனவர்கள் தம் படகுகளோடு வந்து ஆயிரக்கணக்கானோரைக் கரையேற்றிய அனுபவத்துக்குப் பின்னர், தீயணைப்பு நிலையம் ஒன்றுக்கு ஐம்பது தொண்டர்கள் என்னும் கணக்கில் குடிமைப் பாதுகாப்புப் படையை அத்துறையின் கீழேயே ஏற்படுத்தினார்கள். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016இல் ‘ஆப்த மித்ரா’ என்னும் திட்டத்தை, வெள்ள அபாயமுள்ள 30 மாவட்டங்களில் தொடங்கிப் பின்னர் விரிவாக்கியது. நம் மாநிலத்தில் ஊர்க்காவல் படை பல்லாண்டுகளாக இருந்துவருகிறது. ஆகவே வழியும் உண்டு, முன்மாதிரியும் உண்டு. தெருதான் முன்வர வேண்டும்.

தெரு எப்படி முன்வரும் என்று கேட்பவர்களுக்கு, மதுரைக்காரனாகிய நான் மண்டகப்படியைக் காட்டுவேன். அழகர்கோவிலிலிருந்து புறப்படும் கள்ளழகர் வழிநெடுக நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் தங்கி வருகிறார். ஒவ்வொரு மண்டகப்படியும் ஒரு தெருவுக்கோ, ஒரு தொழிலாருக்கோ, ஒரு குடும்பத்துக்கோ உரிமையானது. இன்னாருக்கு இன்ன நேரம் என்கிற முறை தலைமுறை தலைமுறையாகத் தவறாமல் காக்கப்படுகிறது. முறையை விட்டுக்கொடுப்பது குடும்பத்துக்கே இழுக்கு. அந்த வெயிலில் நீர்மோர்ப் பந்தல் போடுபவர்களுக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. ஆட்டுத்தோல் பையில் தண்ணீர் நிரப்பி, துருத்தியால் அழகர்மீது பீய்ச்சும் நேர்த்திக்கடன்காரர்கள், அந்தக் கனமான பையைத் தோளில் சுமந்து நாள் முழுவதும் களைக்காமல் நடக்கிறார்கள். முறை தவறாமையும், பொதுக்காரியத்தில் மானமும், ஊதியம் கருதாத உழைப்பும் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. வாரத்துக்கு ஒரு வீதி என்று தீத்தொண்டுக்கும் ஒரு முறை வைத்தால், இந்த வாரம் யார் முறை என்று குழந்தைகளுக்கும் தெரிந்திருக்கும்.

அந்த அணி என்ன செய்யும்? பெரிய சாகசம் எதுவும் செய்ய வேண்டாம். முதலாவது, தண்ணீர் எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். தீயணைப்பு வண்டி ஒன்று பொதுவாகக் கொண்டுவருவது நான்கைந்தாயிரம் லிட்டர். முழு விசையோடு பீய்ச்சினால் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அதற்குப்பின் எந்த அடுக்ககத்தின் நிலத்தொட்டி நிறைந்திருக்கிறது, யார் தோட்டத்துப் போர்வெல்லில் தண்ணீர் வரும், வறட்சிக்காலத்தில் தென்கால் கண்மாயிலும் நிலையூர்க் கண்மாயிலும் நீர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதையெல்லாம் உள்ளூர்க்காரரைத் தவிர யார் சொல்ல முடியும்? இரண்டாவது, எந்த வீட்டில் படுக்கையை விட்டு எழ முடியாத முதியவர் இருக்கிறார், எந்த வீட்டில் ஆக்ஸிஜன் சிலிண்டர் வைத்திருக்கிறார்கள், பிள்ளைகள் வெளிநாட்டிலிருக்கும் எந்தப் பெற்றோர் உள்ளே தாழிட்டுத் தூங்குகிறார்கள் என்கிற பட்டியல். மூன்றாவது, வண்டி நுழையும் வழி. தெருமுனையில் குறுக்கே நிற்கும் கார்களை நகர்த்தச் சொல்லவும், சாலையில் ஓர் ஆளை நிறுத்தி ‘இப்படி வாங்க’ என்று வண்டியை நேராக அழைத்து வரவும் யாரேனும் இருந்தால், சில சமயம் அதுவே ஓர் உயிரின் விலை. நான்காவது, தீபாவளி இரவுகளில் ஒவ்வொரு வீதியிலும் வாளித் தண்ணீரோடும் மணலோடும் இரண்டு பேர் விழித்திருப்பது. மாடியில் கிடக்கும் காய்ந்த ஓலையையும் அட்டைப்பெட்டிகளையும் முன்தினமே அப்புறப்படுத்தச் சொல்வது. ஐந்தாவது, மாதம் ஒருநாள் ஒத்திகை. அதில் பெண்களுக்கே முதலிடம், ஏனெனில் பகல்பொழுதில் தெருவைக் காப்பவர்கள் பெரும்பாலும் அவர்களே.

தீ அணைந்த பிறகும் அணியின் வேலை முடிவதில்லை. பழைய கிராமத்தில் கூரை எரிந்த மறுநாள், ஒருவர் மூங்கில் கொண்டுவருவார், ஒருவர் பனையோலை கொண்டுவருவார், ஒருவர் வீட்டிலிருந்து அரிசி வரும், நாலைந்து நாளில் புதுக்கூரை நிற்கும். இன்று வெந்துபோன வீட்டில் ஓலையைவிட முக்கியமானவை காகிதங்கள்: குடும்ப அட்டை, பத்திரம், பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ். அவற்றுக்கு நகல் வாங்க அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும்போது கூடவே வர ஒருவர், பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு ஒரு சீருடையும் புத்தகங்களும், பத்து நாளைக்குத் தங்க ஓர் அறை: இவற்றைத் தெரு செய்ய முடியும். சுட்ட புண் ஆறிய பின்னும் இரவில் திடுக்கிட்டு எழும் குழந்தையின் அருகில் உட்காரும் பக்கத்து வீட்டுப் பாட்டியையும் தெருதான் தர முடியும்.

இதனால் தீயணைப்புத் துறையின் பொறுப்பு குறைந்துவிடும் என்று யாரும் எண்ண வேண்டாம். தெரு முதல் பத்து நிமிடத்தைச் சரியாக நடத்திவிட்டால், வரும் வீரர்கள் சந்திக்கும் தீ சிறியதாக இருக்கும்; உள்ளே யார் இருக்கிறார்கள், எந்தச் சுவர் பழையது, எங்கே சிலிண்டர் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு அவர்கள் நுழைவார்கள். நவபத்கானா தெருவில் இரண்டு வீரர்கள் நமக்காக உயிரைக் கொடுத்தார்கள். அவர்களுக்கு நாம் செலுத்தும் மரியாதை மலர்வளையத்தோடு நின்றுவிடலாகாது. அவர்களுடைய தோழர்கள் சந்திக்கும் அபாயத்தில் ஒரு பங்கையாவது குறைப்பதுதான் உண்மையான அஞ்சலி.

ஆகையால் திருநகர் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் குடியிருப்போர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில், சாக்கடையும் தெருவிளக்கும் பேசி முடித்த பிறகு, இதையும் ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்துக்கு இரண்டு பேர் நேரில் போய்ப் பயிற்சிக்கு ஒரு நாள் கேளுங்கள்; விருப்பமுள்ளவர்களின் பெயர்களை, ஆண் பெண் வித்தியாசமில்லாமல், ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள்; அதன் அடுத்த பக்கத்தில் உங்கள் வீதியின் தண்ணீர்த் தொட்டிகளையும் முதியவர்களையும் எழுதுங்கள். பிறகு, முதல் வாரத்து முறை எந்த வீட்டாருடையது என்பதை அந்தக் கூட்டத்திலேயே தீர்மானித்துவிட்டுக் கலையுங்கள்.